பினாங்கு அடுக்குமாடியில் பிரிம்ரோஸ் காய்த்தது

தைப்பூசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வெள்ளைத் தட்டில் ஏழு காய்களை உடைத்து எண்ணினேன். 168 விதை. கேழ்வரகு அளவு, கரும்பழுப்பு நிறம். அன்று மதியம்தான் தண்ணீர்மலைப் பக்கம் ஒரு வேலைக்குப் போய் வந்திருந்தேன். சாலையோரம் தண்ணீர்ப்பந்தல்களுக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியில் வெப்பமானி 33 டிகிரி காட்டியது. அப்படி வெயில் காயும் ஊரில், நாலாவது மாடி வீட்டின் சமையலறை மூலையில், 14 டிகிரியில் வளர்ந்து, 10 டிகிரியில் பூத்துக் காய்த்த பிரிம்ரோஸ் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் விதைகள் இவை. முதல் விதை போட்ட நாளிலிருந்து கிட்டத்தட்ட பதினாறு மாதம்.

நான் குளிர்சாதன மெக்கானிக். ஏர்கானும் ஃபிரிட்ஜும்தான் தொழில். செடி என்றால் பால்கனியில் துளசி, கற்பூரவல்லி, ஒரு கறிவேப்பிலை. இந்த வேலை என் மனைவியின் மாத்திரைப் புட்டியிலிருந்து தொடங்கியது. அவளுக்கு விரல் இடுக்குகளில் எக்ஸிமா என்ற தோல் அரிப்பு. யாரோ சொன்னார்கள் என்று ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புட்டியில் மஞ்சள் பூவின் படம். "இது என்ன பூங்க, நம்ம ஊர்ல வளருமா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆறாம் படிவத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில், உயிரியல் படிக்கும் மகளிடம் கேட்டேன். அவள் தன் புத்தகத்தையும் இன்னும் எதை எதையோ புரட்டிவிட்டு, "அப்பா, இது பிரிம்ரோஸே இல்ல" என்றாள்.

உண்மைதான். மாத்திரையில் இருக்கும் எண்ணெய் ஓனொதேரா என்ற வட அமெரிக்கச் செடியின் விதையிலிருந்து வருகிறது. அந்தி நேரத்தில் பூ விரிவதால் அந்தப் பெயர். செபராங் பிறை வயல் வாய்க்கால்களில் நாலு இதழோடு மஞ்சளாகப் பூக்குமே நீர்க்கிராம்பு, அதுதான் ஓனொதேராவுக்குச் சொந்தம். எண்ணெயில் 8 முதல் 10 சதவீதம் காமா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. எக்ஸிமாவுக்கு நல்லது என்று பேர் வாங்கியது அதனால்தான். ஆனால் பிரிட்டனில் எக்ஸிமாவுக்கும் மார்பு வலிக்கும் அதை மருந்தாக விற்கக் கொடுத்திருந்த உரிமத்தை, பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2002இல் திரும்பப் பெற்றார்கள். 2013இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் குழு பரிசோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோதும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட எக்ஸிமாவுக்கு இது மேல் என்று சொல்ல முடியவில்லை. மனைவி டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அப்படியானால் உண்மையான பிரிம்ரோஸ் எது? அது பிரிமுலா, ஐரோப்பாவின் குளிர்நிலச் செடி. அதன் இனத்தில் இரண்டு வகையின் வேரைச் சளி இருமலுக்குக் காலங்காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஐரோப்பிய மருந்து முகமையும் அதை மரபுவழிப் பயன்பாடு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. எனக்கு ஆசையைக் கிளப்பியது வேறு ஒன்று. மகள் ஒரு படம் காட்டினாள். ஒரே செடி இனத்தில் இரண்டு விதமான பூ. ஒன்றில் குழல் வாயில் குண்டூசித் தலை மாதிரி, மகரந்தத்தை வாங்கும் சூல்முடி எட்டிப் பார்க்கிறது. மற்றதில் அந்த இடத்தில் ஐந்து மகரந்தப்பைகள் கொத்தாக நிற்கின்றன, சூல்முடி பாதிக் குழலில் ஒளிந்திருக்கிறது. டார்வின் 1862இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். முதல் வகைக்கு ஆங்கிலத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர் குண்டூசிதான். இரண்டாவதற்கு, தறியில் பாவை அறுத்த பிறகு மிஞ்சும் நூல்முனைக் கொத்தின் பெயர். இந்த இரண்டையும் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதல் தடவை, அக்டோபரில், பால்கனியில் போட்டேன். உள்ளூர் விற்பனையாளரிடம் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பாக்கெட், 30 விதை. தேங்காய் நார்த்தூள் தட்டில் விதைத்து நிழலில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்தேன். ஆறு வாரம் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பிரிம்ரோஸ் விதைக்கு 20 டிகிரிக்கு மேல் போனாலே முளைப்பு தடைபடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் பால்கனித் தட்டில் அதிகாலை ஐந்து மணிக்கே 26 டிகிரி. விதைமேல் மண் போட்டு மூடியதும் தப்பு. அதற்கு வெளிச்சம் வேண்டும், மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும்.

குளிர் உண்டாக்குவது என் தொழில் ஆயிற்றே என்று அடுத்து இறங்கினேன். ஆனால் தவறான பெட்டியை வாங்கினேன். பழைய பொருள் விற்பவரிடம் எட்டு பாட்டில் கொள்ளும் வைன் கூலர், 150 வெள்ளி. கம்ப்ரஸர் இல்லாதது, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகட்டில் ஓடுவது. சத்தம் இல்லை, சிறியது, கண்ணாடிக் கதவு, வெளிச்சம் உள்ளே போகும் என்று நினைத்தேன். பெல்டியர் தகடு அறை வெப்பத்தைவிட இவ்வளவுதான் கீழே இறக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. எங்கள் சமையலறையில் 31 டிகிரி இருந்தபோது உள்ளே 17க்குக் கீழே அது போகவே இல்லை. விளக்கைப் போட்டால் 22. கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். 70 வாட், ஒரு நிமிடம்கூட நிற்காமல். ஒரு நாளைக்கு 1.7 யூனிட். வாடிக்கையாளர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி ஓடினால் நானே மாற்றச் சொல்லியிருப்பேன்.

22 டிகிரிக்குக் காரணம் முழுக்கத் தகடு இல்லை. எல்இடி பட்டைக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டரையும் பெட்டிக்கு உள்ளேயே வைத்திருந்தேன். தொட்டுப் பார்த்தால் கை சுட்டது. அதை வெளியே எடுத்ததும் 19க்கு வந்தது. விளக்கு வாங்குபவர்கள் வாட் கணக்கைப் பார்க்கிறார்கள், அந்த வாட் எல்லாம் கடைசியில் பெட்டிக்குள் சூடாகத்தான் மாறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன்.

டிசம்பரில் இரண்டாவது பாக்கெட் விதையை ஈரத் தாளில் சுற்றி, வீட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் நாலு வாரம் வைத்திருந்து, ஜனவரியில் வைன் கூலருக்குள் விதைத்தேன். 30இல் 14 முளைத்தன. முதல் முளையைப் பார்த்த காலை நன்றாக நினைவிருக்கிறது, சுண்டுவிரல் நகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த மகிழ்ச்சி மூன்று வாரம்தான். நம் ஊர்க் காற்றின் ஈரம் எல்லாம் கதவைத் திறக்கும்போது உள்ளே போய், பின்சுவரில் நீராகப் படிந்து, சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுந்தது. நாற்றுகளின் அடித்தண்டு நூல் மாதிரி மெலிந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நாற்றழுகல். ஒன்பது போய்விட்டன, மிச்சம் ஐந்தும் இளைத்து நின்று பிப்ரவரியில் போயின.

இதற்கு நடுவில் நடந்ததை எழுதாமல் விட முடியாது. அதே பெட்டியில் பிரிமுலா ஆப்கோனிகா என்ற வகையையும் விதைத்திருந்தேன். வெப்பத்தை ஓரளவு தாங்கும் என்று படித்ததால் வாங்கியது. அது நன்றாகவே முளைத்தது, வேகமாக வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி உட்கார்ந்து எல்லாவற்றையும் சின்னத் தொட்டிகளுக்கு மாற்றிக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து அவள் விரல்களிலும் கண்ணிமையிலும் சிவந்து தடித்துவிட்டது. கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள், ஆற பத்து நாள் ஆனது. ஆப்கோனிகாவின் இலையிலும் தண்டிலும் இருக்கும் நுண்ணிய முடிகளில் ப்ரிமின் என்ற பொருள் இருக்கிறது. தோலில் பட்டால் ஒவ்வாமையைக் கிளப்புவதில் பெயர் போனது. ப்ரிமின் இல்லாத ரகங்கள் இப்போது உண்டு. நான் வாங்கிய பாக்கெட்டில் அப்படி எதுவும் போடவில்லை, நானும் கேட்கவில்லை. தோல் நோய் இருக்கும் ஒருவர் கையில் அந்தச் செடியை விசாரிக்காமல் கொடுத்தது என் தவறு. கையுறை போட்டு அத்தனையையும் பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டேன். ஆப்கோனிகா வாங்குகிறவர்கள் ப்ரிமின் இல்லாத ரகமா என்று முதலில் கேளுங்கள்.

மார்ச்சில் சரியான பெட்டி கிடைத்தது. கடையை மூடிய ஒருவரிடமிருந்து 90 லிட்டர் குளிர்பானக் காட்சிப் பெட்டி, கம்ப்ரஸர் வகை, 280 வெள்ளி. சூட்டை வெளியேற்றும் கண்டென்சரைத் துடைத்து, கதவு ரப்பரை வெந்நீரில் ஊறவைத்துச் சரிசெய்தேன். வயரை உள்ளே கொண்டுபோக உடம்பில் துளை போட ஆசை வரும், போடக் கூடாது. இந்த மாதிரிப் பெட்டிகளில் கண்டென்சர் பைப் பக்கச் சுவருக்குள் ஓடும். டிரில் பட்டால் கேஸ் போய்விடும், புதுப் பெட்டிகளில் அது எரியும் கேஸ். நான் பின்பக்கம் தண்ணீர் வடியும் துளை வழியாக மூன்று வயரையும் இழுத்துக்கொண்டு மிச்ச இடைவெளியைப் பஞ்சால் அடைத்தேன்.

பெட்டியின் சொந்தத் தெர்மோஸ்டாட் 2 முதல் 8 டிகிரிக்கானது. அதை முழுக் குளிருக்குத் திருப்பிவிட்டு, வெளியே எஸ்டிசி-1000 கன்ட்ரோலர் ஒன்றை மாட்டினேன், 32 வெள்ளி. 14 டிகிரி, ஏற்ற இறக்கம் 2 டிகிரி, கம்ப்ரஸர் மறுபடி ஓட மூன்று நிமிட இடைவெளி. முதல் வாரம் சென்சரைக் காற்றில் தொங்கவிட்டிருந்தேன். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கம்ப்ரஸர் துள்ளி எழுந்தது. 300 மில்லி தண்ணீர் பாட்டிலுக்குள் சென்சரை இறக்கிய பிறகு அமைதியானது. காற்று ஒரு நொடியில் மாறும், தண்ணீர் மெதுவாகத்தான் மாறும், தொட்டி மண்ணும் அப்படித்தான்.

மண் என்றதும் நினைவுக்கு வருகிறது. காற்று 14இல் நிற்கும்போது தொட்டி மண்ணில் குச்சி வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன், 17.5 காட்டியது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி விளக்கின் சூட்டை வாங்கிக்கொண்டிருந்தது. ஏர்கான் டக்டுக்கு ஒட்டும் அலுமினிய டேப்பைத் தொட்டிகளைச் சுற்றி ஒட்டினேன். மண் 15க்கு வந்துவிட்டது. இந்த முழு வேலையிலும் குறைந்த செலவில் அதிகம் பலன் கொடுத்தது அந்த டேப்தான். அதுவரை மதியத்தில் துவண்டு கிடந்த இலைகள் மறுநாளே நிமிர்ந்தன. வேர் குளிர்ந்திருந்தால் இந்தச் செடி மற்றதைப் பொறுத்துக்கொள்கிறது.

நார்த்தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊறவைத்த தண்ணீரில் உப்பு அளவு மீட்டரை வைத்தால் 2.1 காட்டியது. மூன்று தடவை அலசி 0.4க்குக் கொண்டுவந்தேன். அதனுடன் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணை, கழுவிய ஆற்றுமணல், இரண்டுக்கு ஒன்று ஒன்று என்ற அளவில். உள்ளே 80 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன், 12 வோல்ட்டுக்குப் பதில் 7 வோல்ட்டில், இலை லேசாக ஆடும் அளவுக்கு. சொட்டும் நீருக்குக் கீழே சாய்வாக ஒரு அலுமினியத் தகடு. நாற்றழுகல் அதோடு நின்றது. விளக்கு 9 வாட் எல்இடி பட்டை இரண்டு, தட்டுக்கு ஒன்று, பன்னிரண்டு மணி நேரம். முதலில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தேன், இலை நடுவில் வெளுத்தது. 25இல் சரியானது.

ஏப்ரல் 5, மூன்றாவது விதைப்பு. மறுபடியும் ஃபிரிட்ஜில் நாலு வாரம் இருந்த 30 விதை. பதினாறாம் நாள் முதல் முளை. மொத்தம் 22 முளைத்தன, 13 தேறின. அப்புறம் வேலை ஒன்றும் இல்லை, வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மிக மெதுவாக வளரும் செடி.

காத்திருந்த அந்த நாலு மாதத்தில் இந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னும் தெரிந்துகொண்டேன். 2009இல் தாவரவியலாளர்கள் சில குடும்பங்களை ஒன்றாக்கி பிரிமுலா குடும்பத்தைப் பெரிதாக்கினார்கள். அதனால் மலாய்ப் பெண்கள் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் குடிக்கும் காசிப் பாத்திமா என்ற மூலிகையும் இப்போது பிரிம்ரோஸ் குடும்பம். நம் நாட்டு மருந்துக் கடையில் குடற்பூச்சிக்குக் கொடுக்கும் வாயுவிளங்கமும் அதே குடும்பம். இதைப் படித்ததும் லிட்டில் இந்தியாவில் பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். "என்ன தம்பி, பிள்ளைக்குப் பூச்சித் தொல்லையா?" என்று கேட்டார் கடைக்காரர். "இல்லண்ணே, ஒரு சோதனைக்கு" என்றேன். 50 கிராம் 6 வெள்ளி. பார்க்க மிளகு மாதிரியே இருக்கும், காம்பு ஒட்டிக்கொண்டிருக்கும், கையில் எடுத்தால் மிளகைவிட லேசு.

ஒரு தேக்கரண்டி இடித்து, காயம் துடைக்கும் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவைத்துத் துணியில் வடிகட்டினேன். இளம்பழுப்பு நீர். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தெளிநீரை மூன்று சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடத்தில் கத்தரிப்பூ ஊதா சுருளாகக் கீழே இறங்கிப் பரவியது. மகள் ஓடிவந்து மிளகிலும் செய்து பார்த்தாள், மிளகில் அந்த நிறம் வரவில்லை. வாயுவிளங்கத்தில் உள்ள எம்பெலின் காரத்தில் ஊதாவாகும். மருந்து நூல்களில் ஈதரும் அம்மோனியாவும் கொண்டு செய்யும் சோதனையைத்தான் நாங்கள் வீட்டுப் பொருளில் செய்தோம். எம்பெலினும், மனைவி கையைப் பதம் பார்த்த ப்ரிமினும் ஒரே குயினோன் வகைப் பொருள்கள். மகள் இரண்டின் கட்டமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

காசிப் பாத்திமாவையும் நர்சரியில் ஒரு தொட்டி வாங்கி, காம்போடு ஆறு இலை வெட்டி நட்டுப் பார்த்தேன். பத்து வாரத்தில் இரண்டு வேர் விட்டன. அதற்குப் பெட்டி எதுவும் வேண்டாம், காட்டின் அடிநிழலில் வளர்கிற செடி, பால்கனி மூலையின் இருட்டே போதும். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கெப்போங்கில் இருக்கும் வன ஆய்வுக் கழகத்தில் இதைப் பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. மூன்று வகை உண்டு, இலைக்காம்பின் இரு பக்கமும் சிறகு விரிந்திருக்கும் வகை எனக்குக் கிடைத்தது.

ஜூலையில் ஒரு பிரிம்ரோஸ் செடி காரணம் தெரியாமல் செத்தது. அதன் வேரைக் கழுவி உலர்த்தினேன். காயக் காய அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் யாரோ மூட்டுவலித் தைலப் புட்டியைத் திறந்தது போல. உலரும்போது வேரில் உள்ள பொருள்கள் உடைந்து சாலிசிலேட் சேர்ந்த வாசனைப் பொருளாக மாறுவதால் அது வருகிறது. ஒரு கிராம் வேரைக் கொதிக்கவைத்து, ஆறியதும் சோதனைக் குழாயில் பதினைந்து விநாடி குலுக்கினேன். இரண்டு சென்டிமீட்டர் நுரை, இருபது நிமிடம் கழித்தும் ஒன்றரை இருந்தது. பக்கத்தில் பூந்திக்கொட்டைத் தண்ணீரை அதேபோலக் குலுக்கி வைத்திருந்தோம், அதுவும் அப்படியே நின்றது. இரண்டிலும் சோப்பு போல நுரைக்கும் சபோனின். சளியை இளக்குவதாக வேருக்குச் சொல்லப்படும் குணமும் இந்தச் சபோனினால்தான் என்கிறார்கள். குடித்துப் பார்க்கவில்லை. என்னுடையது பூவுக்காகக் கலப்பு செய்த ரகம், மருந்து வகை வேறு.

ஆகஸ்டில் மிச்சம் பன்னிரண்டு செடியும் எட்டு இலை தாண்டியதும் 10 டிகிரிக்கு இறக்கினேன். இலை அடியில் மொட்டு தெரிந்தது செப்டம்பர் கடைசியில். தீபாவளிச் சமயத்தில் முதல் பூ. வெளிர் மஞ்சள், நடுவில் முட்டைக்கரு நிறத்தில் ஒரு நட்சத்திரம். நான் பத்து மடங்கு லென்ஸை வைத்துக் குழல் வாயைப் பார்த்தேன். பச்சையாக உருண்டை ஒன்று, குண்டூசித் தலையேதான். நாலு நாள் கழித்து இரண்டாவது செடி பூத்தது, அதில் ஐந்து மகரந்தப்பைகள் மோதிக்கொண்டு நின்றன. வீட்டில் இருந்த மூவரும் மாறி மாறிப் பார்த்தோம். மகள் பிளேடால் பூக்குழலை நெடுக்காகப் பிளந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் சூல்முடி எந்த உயரத்தில் இருக்கிறதோ மற்றதில் மகரந்தப்பை அதே உயரத்தில். பூச்சியின் நாக்கில் எந்த இடத்தில் மகரந்தம் ஒட்டுகிறதோ அதே இடம் அடுத்த வகைப் பூவின் சூல்முடியில் போய்ப் படும். வரைபடத்தில் பத்து தடவை பார்த்தபோது புரியாதது, வெட்டி வைத்த இரண்டு பூவில் ஒரு பார்வையில் புரிந்தது.

மொத்தம் பதினொன்று பூத்தன. குண்டூசி 6, நூல்முனை 5. நூல்முனை வகையில் மட்டும் ஐந்து மரபணுக்கள் கொண்ட ஒரு துண்டு கூடுதலாக இருக்கிறது, குண்டூசி வகையில் அந்தத் துண்டே கிடையாது என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு மரபணு சூல்தண்டை நீளவிடாமல் பிடித்து வைக்கிறது. 1862இல் தொடங்கிய கேள்விக்கு நூற்றைம்பது வருஷம் கழித்து வந்த பதில். மகளின் பள்ளி நுண்ணோக்கியில் இரண்டு மகரந்தத்தையும் வைத்தோம். நூல்முனைப் பூவின் மகரந்தம் பெரிது, பார்த்தவுடன் தெரிகிற வித்தியாசம்.

நவம்பரில் மகரந்தம் சேர்த்தேன். பல்குத்தும் குச்சியின் முனையைச் சீவி, காலை பத்து மணிக்கு, ஒவ்வொரு பூவின் காம்பிலும் நிற நூல் கட்டி. சிவப்பு நூல் மாற்று வகை, நீல நூல் ஒரே வகை. அதிகாலையில் செய்தபோது மகரந்தம் ஈரத்தில் கட்டிப்போய் ஒட்டவில்லை, விளக்கு எரிந்து இரண்டு மணி நேரமான பிறகுதான் சரிவந்தது. சிவப்பு நூல் கட்டிய ஒன்பது பூவில் ஆறு காய்த்தன, 163 விதை. நீல நூல் கட்டிய எட்டில் குண்டூசிக்குக் குண்டூசி போட்ட ஒன்று மட்டும் காய்த்தது, அதில் 5 விதை. நூல்முனைக்கு நூல்முனை போட்ட நாலும் உதிர்ந்துவிட்டன. செடி தன் வகையின் மகரந்தத்தைத் தள்ளிவிடுகிறது என்று டார்வின் எழுதியதை என் சமையலறை எண்ணிக்கையும் சொன்னது.

காய் முற்ற ஒன்பது வாரம். முற்ற முற்றக் காம்பு வளைந்து மண்ணைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. ஏன் என்று விதை எண்ணிய மறுநாள் காலை தெரிந்தது. எண்ணிய விதையில் கொஞ்சத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் சமையலறை எறும்புகள் வரிசைகட்டி ஒன்பது விதையைச் சுவர் விரிசலுக்குள் கொண்டுபோயிருந்தன. விதையின் ஓரத்தில் எண்ணெய்ப்பசையுள்ள ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது, எறும்புக்காகவே உள்ளது. ஐரோப்பாவில் காட்டெறும்பு செய்கிற வேலையை எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டு எறும்பும் யோசிக்காமல் செய்தது.

கணக்கு கேட்பவர்களுக்கு: வைன் கூலர் 150, காட்சிப் பெட்டி 280, கன்ட்ரோலர் 32, விளக்கு 45, ஃபேனும் அடாப்டரும் 24, விதை நாலு பாக்கெட் 48, உப்பு மீட்டர் 48, நார்த்தூள் பெர்லைட் மணல் 31. ஆக 658 வெள்ளி. அலுமினிய டேப் என் வேலைப் பையில் இருந்தது. வழி தெரிந்து தொடங்கியிருந்தால் 472இல் முடிந்திருக்கும். மின்சாரம் இப்போதைய பெட்டியில் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, விளக்கையும் சேர்த்து.

அடுத்த தடவை கண்ணாடிக் கதவுக்கு இரண்டாவது அடுக்காக ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டப் போகிறேன், குளிர் அதிகம் வீணாவது அங்கேதான். தொட்டிகளை வெள்ளையில் வாங்குவேன். ஒரு செடி செத்ததே, அதன் காரணத்தைப் பிடிக்கத் தொட்டிக்கு ஒரு எண் போட்டுத் தண்ணீர் ஊற்றிய நாளை எழுதி வைக்க வேண்டும், இந்தத் தடவை எழுதவில்லை.

விதை நன்றாகக் காய்ந்து பழசானால்தான் உறக்கத்துக்குப் போகிறது, புதிதாக இருக்கும்போதே விதைத்தால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை என்று படித்தேன். அதைச் சோதிக்க, தைப்பூசத்தன்று காலை மலைக்குப் போவதற்கு முன் 40 விதையை நேராகத் தட்டில் தூவினேன், இன்னொரு 40ஐ ஈரத் தாளில் சுற்றிக் காய்கறித் தட்டில் வைத்தேன். மிச்சம் மூடி போட்ட புட்டியில். இன்று பன்னிரண்டாம் நாள். நேராகத் தூவிய தட்டின் இடது ஓரத்தில் மூன்று வெள்ளை வேர்முனைகள் வந்திருக்கின்றன.